மூக்கு மட்டும் நம்மளது இல்லை

நான் எடுத்த முதல் ஸ்பிட்ஃபயர் போர்விமானப் படத்தைப் பார்த்துவிட்டு அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என்ஜின் நின்னுபோச்சா பாப்பா?"

2013 ஜூலை. கேம்பிரிட்ஜில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் டக்ஸ்ஃபோர்டு என்று ஒரு பழைய விமானத்தளம் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 1938-ல் முதன்முதலாக வந்து இறங்கிய ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) அங்கேதான் இருந்தது. இப்போது அது அருங்காட்சியகம். கோடையில் விமானக் காட்சிகள் நடக்கும். எங்கள் வார்டில் வேலை பார்த்த கோட்டயத்துக்கார அக்கா தன் பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார், நானும் காரில் ஏறிக்கொண்டேன். கையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனன் 7டி கேமராவும், தள்ளி இழுக்கிற பழைய 100-400 லென்ஸும்.

அன்று எடுத்ததில் மிகச் சிறந்தது என்று நான் நினைத்த படத்தைத்தான் அப்பாவுக்கு அனுப்பினேன். நீல வானம், ஒவ்வொரு ரிவெட்டும் எண்ணிவிடலாம் போலத் துல்லியம். ஆனால் முன்னால் இருந்த நாலு பிளேடும் கரண்ட் போன வீட்டு ஃபேன் மாதிரி அப்படியே நின்றன. அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அந்த விமானம் பறப்பதற்கான அடையாளமே படத்தில் இல்லை.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து 1966-ல் இந்திய விமானப்படையில் சேர்ந்தவர். தாம்பரத்தில் பயிற்சி, அப்புறம் ஆக்ரா. இருபது வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்க்கிறவர். பெரும்பகுதி கேன்பரா என்ற குண்டுவீச்சு விமானத்தில் வேலை. ஓய்வுபெற்று வந்து திருநகரில் வீடு கட்டி, ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்தார். தெருவில் எங்கள் வீட்டுக்கு "மிலிட்டரி வீடு" என்று பெயர். விமானப்படை வேறு, மிலிட்டரி வேறு என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் 50-ல் என்னை முன்னால் நிற்க வைத்துப் பெருங்குடி பக்கம் மதுரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போவார். வேலிக்கு வெளியே நின்று விமானம் இறங்குவதைப் பார்ப்போம். இரண்டாம் உலகப்போரில் 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம் இது என்பதும், பிற்பாடு இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் மதுரைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது என்பதும் அப்பா சொல்லித் தெரிந்ததுதான். விமானம் இறங்கும்போது எல்லோரும் இறக்கையைப் பார்ப்பார்கள், அப்பா சக்கரத்தைப் பார்ப்பார். டயர் தரையைத் தொடும் இடத்தில் கிளம்பும் புகையை வைத்து, "நல்லா உட்கார வச்சுட்டான்" என்பார்.

சரி, படத்துக்கு வருகிறேன். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் என்ஜின் காட்சியில் பறக்கும்போது நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் பல்சக்கரம் அதைப் பாதிக்கும் கீழே குறைத்துத்தான் விசிறிக்குக் கொடுக்கும். விசிறி சுற்றுவது ஏறக்குறைய ஆயிரம். அதாவது நொடிக்குப் பதினாறு, பதினேழு சுற்று. நான் வைத்திருந்த ஷட்டர் வேகம் நொடியில் 2000-ல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் பிளேடு மூன்று டிகிரிதான் நகரும், படத்தில் நின்றுபோய்த் தெரியும். 200-ல் ஒரு பங்கு வைத்தால் முப்பது டிகிரி நகரும், பிளேடு விசிறி மடிப்பாக விரியும். 100-ல் ஒரு பங்குக்கு இறங்கினால் அறுபது டிகிரி, நாலு பிளேடும் சேர்ந்து வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பிவிடும். ஆனால் அந்த வேகத்தில் கை கொஞ்சம் அசைந்தாலும் விமானம் மொத்தமும் கலங்கிவிடும். 400 எம்எம் லென்ஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணிக்கு முன்னூறு நானூறு கிலோமீட்டரில் போகிற ஒன்றோடு சேர்ந்து திரும்பவேண்டும். கையைத் திருப்பினால் போதாது. கால் இரண்டையும் ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்பவேண்டும். ஷட்டரை அழுத்திய பிறகும் நிறுத்தக்கூடாது, விமானம் போய்க்கொண்டிருக்கிற வரை நாமும் திரும்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

கேம்பிரிட்ஜில் எங்கே பார்த்தாலும் சைக்கிள். நைட் டியூட்டி முடித்து வரும்போது ரோட்டோரம் நின்று சைக்கிள்காரர்களை வைத்துப் பழகினேன். சக்கரக் கம்பி கலையவேண்டும், முகம் கலையக்கூடாது. மூன்று மாதத்தில் நூற்றுக்கு இருபது படம் தேறியது. அடுத்த வருடம் 160-ல் ஒரு பங்கில் எடுத்த ஒரு ஹரிக்கேன் போர்விமானப் படத்தை அனுப்பினேன். "இப்ப ஓடுது" என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தையை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

டக்ஸ்ஃபோர்டில் எல்லோரும் சொல்லும் ஒரு சிரமம் சூரியன். பார்வையாளர்கள் ஓடுபாதைக்கு வடக்கே தெற்குப் பார்த்து நிற்கவேண்டும். பகல் முழுக்க வெளிச்சம் எதிரிலிருந்து வரும், விமானத்தின் நம் பக்கம் நிழலாகிவிடும். மேகம் மூடிய நாளில் வேறு பிரச்சினை. வெள்ளை வானத்தைப் பார்த்து மயங்கி, கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். விமானம் கரிக்கட்டையாக விழும். வெளிச்சத்தை ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) நாமே கூட்டிக்கொண்டால் வானம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, விமானத்தின் அடிவயிற்றில் எண்ணெய் வழிந்த கோடுகள்கூடத் தெரியும். நான் அந்தக் கோடுகளுக்காகவே எக்ஸ்போஷரைக் கூட்டுவேன். அப்பா முதலில் தேடுவது அதைத்தான்.

மதுரை வெயிலில் வளர்ந்தவளுக்கு அந்த ஊர் வெளிச்சம் பழக இரண்டு வருடம் பிடித்தது. பழகியபிறகு அதைப்போல ஒன்று கிடையாது என்று தோன்றியது. பெட்ஃபோர்டுஷயரில் ஓல்டு வார்டன் என்று ஒரு புல்வெளித் தளம் உண்டு. அங்கே விமானங்கள் பார்வையாளர்களைச் சுற்றி வளைந்து பறக்கும், இறக்கையின் மேற்புறம் முழுசாகத் தெரியும். ஜூன் மாதம் இரவு எட்டரைக்கும் மஞ்சள் வெயில் இருக்கும். அந்த வெயிலில், ஒற்றை என்ஜினும் வெட்டுக்கிளி மாதிரிக் காலும் கொண்ட லைசாண்டர் தாழப் பறந்து வந்ததைப் பார்த்தபோது, கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதன் படத்தை அனுப்பிய அன்று அப்பா சொன்ன தகவல் எனக்குத் தெரியாதது. லைசாண்டரை வடிவமைத்த பெட்டர் என்பவர்தான் பிற்பாடு கேன்பராவையும் வடிவமைத்தார். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த லைட்னிங்கின் ஆரம்ப வடிவமும் அவருடையது. கடைசியில், பெரிதாகக் கட்டியது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, ஏழு மீட்டர்கூட இல்லாத இறக்கையோடு நாட் விமானத்தைச் செய்தார். அதை நம் எச்ஏஎல் (அரசு விமானத் தயாரிப்பு நிறுவனம்) பெங்களூரில் தயாரித்தது. 1965, 1971 போர்களில் நம்மவர்கள் ஓட்டிய விமானம் அது. "ஒரே ஆளோட கை பாப்பா. பார்த்தா தெரியாது, கழட்டினாத்தான் தெரியும்" என்றார்.

அதற்கப்புறம்தான் அப்பாவின் பட்டியல் வர ஆரம்பித்தது.

லெஸ்டர்ஷயரில் ப்ரண்டிங்தார்ப் என்று ஒரு போர்க்காலத் தளம். மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை. ஓய்வுபெற்ற ஜெட் விமானங்களைத் தன்னார்வலர்கள் அங்கே உயிரோடு வைத்திருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு நாள் பொதுமக்களை விடுவார்கள். பறக்க அனுமதி இல்லை. ஓடுபாதையில் முழு வேகத்தில் ஓட்டிக்காட்டுவார்கள், கடைசியில் பாராசூட்டை விரித்து நிறுத்துவார்கள். 2009-ல் அப்படி ஓடிய விக்டர் விமானம் ஒன்று தவறுதலாக மேலேயே எழும்பிவிட்டு, பத்திரமாக இறங்கிவிட்டது. அங்கே ஒரு கேன்பரா இருந்தது. அதன் எண் டபிள்யூடி 333.

2016 மே கடைசியில் போகிறேன் என்றதும் அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பினார். அவர் கையெழுத்தில் எட்டு வரி. முன்சக்கரம் மடங்கும் குழி. பெரிய சக்கரத்தின் பிரேக் குழாய். பாம் பே (குண்டு வைக்கும் அறை) கதவு, திறந்திருந்தால். என்ஜின் ஸ்டார்ட்டர் மூடி. இப்படியே போயிற்று. விமானம் ஓடுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

காலையில் கேட் திறந்ததும் போய்விட்டேன். கட்டுச்சோறாகப் புளிச்சோறு. மற்ற புகைப்படக்காரர்கள் ஆளுக்கொரு சின்ன ஏணியோடு வேலி ஓரம் இடம்பிடிக்க ஓடினார்கள். நான் கேன்பராவின் கீழே குனிந்து, சக்கரக் குழிக்குள் லென்ஸை நீட்டிக்கொண்டிருந்தேன். நீல ஓவரால் போட்ட தன்னார்வலர் ஒருவர், எழுபதுக்கு மேல் இருக்கும், வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார். அப்பாவின் தாளைக் காட்டினேன். தமிழில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டார்ச் எடுத்து வந்தார். எட்டு வரிக்கும் எட்டு இடம் காட்டினார். எனக்கு எட்டாத இடத்தில் அவரே வெளிச்சம் பிடித்தார்.

ஸ்டார்ட்டர் பற்றி அப்பா முன்பே சொல்லியிருக்கிறார். தோட்டா மாதிரி கார்ட்ரிட்ஜைப் போட்டு வெடிக்க வைத்துத்தான் கேன்பராவை ஸ்டார்ட் செய்வார்களாம். என்ஜின் பக்கவாட்டில் கரும்புகை குபுகுபுவென்று வரும், அந்த வாசனை சட்டையில் இரண்டு சலவைக்கு இருக்கும். குளிர்காலத்து ஆக்ராவில் விடியற்காலை நாலரைக்கு அந்த வாசனையோடு டீ குடித்ததை அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த மூடியை ப்ரண்டிங்தார்ப்பில் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஒட்டியது.

இரவு எல்லாப் படங்களையும் அனுப்பினேன். அப்பா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். பிரேக் குழாய் படத்துக்கு, "இந்த மூலையில கை நுழையாது, சின்னப் பையனைத்தான் விடுவோம், அந்தச் சின்னப் பையன் நான்தான்" என்று குரல் செய்தி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

"உடம்பு நம்மளதுதான். மூக்கு மட்டும் நம்மளது இல்லை."

அவர் வேலை பார்த்த ரகத்தில் பைலட் இடது பக்கம் தள்ளி, ஃபைட்டர் விமானம் மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் தனியாக உட்காருவார். நேவிகேட்டர் மூக்குக்குள் இருப்பார். படத்தில் இருந்த விமானத்திலோ நடுவில் அகலமான குமிழ். நான் எல்லாக் கேன்பராவும் ஒரே மாதிரிதான் என்று நினைத்திருந்தேன். மறுபடி தேடிப் படித்துப் பார்த்தால், அப்பா சொன்னது சரி. டபிள்யூடி 333 பிறக்கும்போது நம்முடைய ரகத்தின் மூல வடிவம்தான். ஆராய்ச்சிப் பறப்புகளுக்காகப் பயன்படுத்தியபோது, இரண்டாம் ரகக் கேன்பரா ஒன்றின் மூக்கை வெட்டி இதில் ஒட்டியிருக்கிறார்கள். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் திருநகரில் உட்கார்ந்துகொண்டு, ஆறு அங்குலத் திரையில், முப்பது வருடத்துக்கு முன் விட்டுவந்த விமானத்தின் ஒட்டுப்போட்ட மூக்கை அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

இந்திய விமானப்படை 1957-ல் கேன்பராவை வாங்கியது, 2007-ல் ஆக்ராவில் விடைகொடுத்தது. செய்த நாடான பிரிட்டன் தன் கடைசிக் கேன்பராவுக்கு 2006-லேயே ஓய்வு கொடுத்துவிட்டது. அவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு வருடம் நாம் ஓட்டியிருக்கிறோம். அப்பா இதை எந்த விருந்தாளி வந்தாலும் சொல்வார். நானும் சொல்வேன்.

பறக்கிற கேன்பராவை நான் பார்த்ததே இல்லை. ஒரு தனியார் குழு 2013, 2014-ல் ஒன்றைக் காட்சிகளில் பறக்கவிட்டது. இரண்டு தடவை டிக்கெட் பார்த்தேன், இரண்டு தடவையும் டியூட்டி மாறவில்லை. மூன்றாவது வருடம் அது பறக்கவில்லை. இது எனக்குத் தீராத வருத்தம்.

2015 ஆகஸ்ட் 22 அன்று நான் பகல் டியூட்டியில் இருந்தேன். இங்கிலாந்தின் தென்கரையில் ஷோர்ஹாம் என்ற ஊரில் நடந்த காட்சியில் ஹன்டர் என்ற பழைய ஜெட் விமானம் வட்டமடித்து இறங்கும்போது நெடுஞ்சாலையில் விழுந்தது. பதினொரு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காட்சியைப் பார்க்கக்கூட வரவில்லை, அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள். நானூறு எம்எம் லென்ஸ் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வா, இன்னும் தாழ வா" என்று மனசுக்குள் விமானத்தைக் கூப்பிட்டவள் நான். அன்றோடு அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். விசாரணைக்கும் முன்பே விதிகள் இறுகின. பழைய ஜெட்கள் நிலப்பரப்பின் மேலே வித்தை காட்டக்கூடாது, நேராகப் பறந்து போகலாம் என்றார்கள். சில புகைப்படக்காரர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது, இன்றைக்கும் அப்படித்தான். நேராகப் போகிற ஹன்டரும் அழகுதான்.

அதே வருடம் அக்டோபர் 4. ஓல்டு வார்டன். உலகத்தில் பறக்கும் நிலையில் இருந்த ஒரே வல்கன் குண்டுவீச்சு விமானம், எக்ஸ்எச் 558, காட்சியில் பறக்கும் கடைசி நாள். 1960-ல் முதலில் பறந்தது. 1993-ல் விமானப்படை ஓய்வு கொடுத்தது. மக்கள் பணம் போட்டு மீட்டு, 2007 முதல் மறுபடி பறந்தது. எட்டு வருடம் கழித்து, தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் அதற்குமேல் பொறுப்பேற்க முடியாது என்று விலகின. அந்த வயதில், அந்தச் சிக்கலில், யாரையும் குறை சொல்ல முடியாது என்று அப்பா சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு விமானத்தை மேலே அனுப்பியவர் அவர்.

ஏறக்குறைய முப்பத்து நாலு மீட்டர் இறக்கை, முக்கோணமாக. தூரத்தில் சத்தமே இல்லாமல் வந்தது. தலைக்கு நேராக வந்து நாலு ஒலிம்பஸ் என்ஜினும் முறுக்கும்போது ஒரு ஊளை கிளம்பும். காற்று உள்ளே போகும் வாயில் எழும் ஒலி அது. நெஞ்செலும்பில் கேட்கும். ஜெட் என்பதால் ஷட்டரை 1000-ல் ஒரு பங்குக்கு வைத்திருந்தேன், விசிறிக் கவலை இல்லை. நூற்றுப் பத்துப் படம் எடுத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அந்த மாதம் 28-ம் தேதி அது கடைசியாகப் பறந்து இறங்கியது. ப்ரண்டிங்தார்ப்பும் போய்விட்டது. 2020-ல் தளம் முழுவதும் கார் நிறுத்தும் இடமாகி, விமானங்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

நான் 2019-லேயே மதுரை திரும்பிவிட்டேன். இங்கே என் லென்ஸுக்குத் திருப்பரங்குன்றம் மலை மேல் வட்டமிடும் பருந்துகள்தான். இடுப்பிலிருந்து திரும்புவது மறந்துவிடக்கூடாது என்று வாரம் ஒரு தடவை மொட்டைமாடிக்குப் போவேன்.

போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டு பிரித்ததும், "பெருசா ஒரு படம் போட்டு மாட்டணும்" என்றார். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து காட்டினேன். வல்கன் ஊளையிட்டுத் திரும்பும் படம், மஞ்சள் வெயிலில் லைசாண்டர், பிளேடு விரிந்த ஹரிக்கேன், லைட்னிங்கின் நெருப்பு எல்லாவற்றையும் பார்த்து, நல்லா இருக்கு என்றார். இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ப்ரண்டிங்தார்ப்பில், ஓட்டம் முடிந்து திரும்பியபின் பின்பக்கத்திலிருந்து நான் எடுத்தது. என்ஜின் புகைவாயிலுக்குப் பின்னால் கானல் ஆடிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் அந்த நீல ஓவரால்காரர் சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்திருக்கிறார். கொஞ்சம் சாய்வான படம். நான் யாருக்கும் காட்டியதில்லை.

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஸ்டூடியோவில் பிரின்ட் போடக் கொடுத்தோம். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி, விமானம் நடுவில் வரட்டும் என்று ஓரத்தை வெட்டப் போனார். "அந்த ஆளை வெட்டாதீங்க தம்பி" என்றார் அப்பா.

12-க்கு 18 அளவு. ஹாலில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டி முடித்தபிறகுதான் கவனித்தேன். அந்தக் கோணத்தில் இறக்கையும் என்ஜினும் மறைத்துக்கொண்டு, விமானத்தின் மூக்கு தெரியவே இல்லை.